பின்ச் ஹிட்டர்: கிள்ளுபவரும் அல்ல, அடியாளும் அல்ல

ஆங்கிலத்தில் 'பின்ச்' என்றால் கிள்ளு. இக்கட்டு, அவசரம் என்றும் பொருள் உண்டு. இரண்டாவது பொருளில்தான் பேஸ்பாலில் 'பின்ச் ஹிட்டர்' பிறந்தது: நெருக்கடியான கட்டத்தில் ஒருவருக்குப் பதிலாக அடிக்க வருபவர். இடம் விட்டவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது.

சர்வதேச கிரிக்கெட்டில் நினைத்த நேரத்தில் மாற்றாளைப் பேட் செய்ய இறக்க முடியாது. ஆகவே 'பதிலி' என்ற பொருள் உதிர்ந்துபோய், வேகமாக ரன் சேர்க்க வரிசை மாற்றி மேலே அனுப்பப்படுபவர் என்றாகிவிட்டது. 1992 உலகக் கோப்பையில் முதல் 15 ஓவர்களுக்கு, பிட்ச்சைச் சுற்றி வரையப்பட்ட உள்வட்டத்துக்கு வெளியே ஃபீல்டர்கள் இருவர் மட்டுமே நிற்கலாம் என்பது விதி. வட்டத்துக்குள் நின்றவர்களின் தலைக்கு மேல் தூக்கி அடித்தவர் நியூசிலாந்தின் மார்க் கிரேட்பேட்ச். 7 ஆட்டங்களில் 313 ரன். ஜான் ரைட் காயமடைந்ததால் அணிக்குள் வந்தவர் என்பதால், பேஸ்பால் பொருளுக்கும் அவரே நெருக்கம்.

1996 உலகக் கோப்பையில் இந்தச் சொல் இலங்கைத் தொடக்க வீரர்களான ஜெயசூர்யா, களுவிதாரண இருவர் மேலும் ஒட்டிக்கொண்டது. குழப்பமும் அங்கேதான் தொடங்கியது. பின்ச் ஹிட்டரின் விக்கெட் மலிவு: 20 பந்தில் 30 அடித்து அவுட்டானாலும் அணிக்கு நட்டமில்லை, முதன்மை பேட்ஸ்மேன்கள் பின்னால் இருக்கிறார்கள். 2005-இல் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக மூன்றாவதாக இறங்கி 83 அடித்த இர்பான் பதான் அந்த வகை. ஜெயசூர்யாவோ ஆண்டுக்கணக்கில் நிரந்தரத் தொடக்க வீரர். 1996-இல் டெல்லியில் இந்தியாவுக்கு எதிராக முதல் 3 ஓவரில் இலங்கை 42 ரன் குவித்தது; ஆனால் அவர் முடித்தது 76 பந்தில் 79. வட்டத்துக்கு வெளியே காலியாக இருக்கும்போது விளாசல், பிறகு நிதானம். இதைக் கண்மூடிச் சுற்றுவது என்பவர்கள் ஸ்கோர்கார்டைப் பார்க்காதவர்கள்.

காலம் கடந்து ஒப்பிடும்போது வெறும் ஸ்ட்ரைக் ரேட்டை (100 பந்துக்கு எத்தனை ரன் என்ற கணக்கை) அருகருகே வைத்தால் ஏமாந்துபோவோம். ஒருநாள் ஆட்டங்களில் ஜெயசூர்யா 91, சேவாக் 104. ஆனால் ஜெயசூர்யாவுக்கு முந்தைய தலைமுறையின் வெஸ்ட் இண்டீஸ் தொடக்க வீரர்கள் ஹெய்ன்ஸ் 63, கிரீனிட்ஜ் 65. அந்த 63-இலிருந்து 91-க்குத் தாவியதுதான் பெரிய தாவல்.

தமிழில் 'அதிரடி ஆட்டக்காரர்' என்றால் சேவாக்கும் அதில் அடங்கிவிடுவார். 'அடியாள்' என்று சுருக்கினால் வம்பு. வரிசை மாறி வருவதே இச்சொல்லின் உயிர் என்பதால் 'முன்னிறக்க அதிரடி வீரர்' பொருந்தும். ஜெயசூர்யா, கில்கிறிஸ்ட், சேவாக் போன்றோருக்கு 'அதிரடித் தொடக்க வீரர்' என்பதே சரி.