நான்கு செய்திகளை ஒப்பித்தால் போதுமா?

சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் தளத்தில், காலையில் கணினியை இயக்கிய பலருக்கு நெட்வொர்க் கிடைக்கவில்லை. ஒரு கணினியில், அதன் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குரிய எண்ணை) காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். 10 என்று தொடங்க வேண்டிய முகவரி 192.168.0.104 என்று இருந்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனதில், புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர் தம் வீட்டு வைஃபை ரவுட்டரை மேசைக்கு அடியில் வைத்து, அதன் லேன் போர்ட்டை எங்கள் சுவிட்சில் செருகியிருந்தது தெரிந்தது. கைப்பேசிக்கு சிக்னல் போதவில்லையாம். அந்த ரவுட்டர்தான் கணினிகளுக்குத் தன் முகவரிகளை வழங்கிக்கொண்டிருந்தது. இப்படி அனுமதியில்லாத கருவி முகவரி வழங்குவதைத் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை அந்தப் பழைய சுவிட்சில் இயக்காமல் விட்டது எங்கள் தவறு. அதை அன்று மாலையே சரிசெய்தோம்.

என்னை வாட்டுவது வேறொன்று. அந்தப் பயிற்சியாளரிடம் சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏ இருக்கிறது. கணினிக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி முறையில் பரிமாறப்படும் டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் என்ற நான்கு செய்திகளையும் நேர்முகத் தேர்வில் தடங்கலின்றி ஒப்பித்தவர் அவர். முகவரியைத் தர முன்வரும் அந்த ஆஃபரைத் தம் ரவுட்டரே முந்திக்கொண்டு அனுப்பும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. இப்படிப்பட்டவரை இந்த ஆண்டில் சந்திப்பது மூன்றாவது முறை. டம்ப் எனப்படும் வினாவிடைத் தொகுப்பை உருப்போட்டுத் தேறினால் நெட்வொர்க்கிங் வந்துவிடும் என்று யாரோ இவர்களை நம்பவைத்திருக்கிறார்கள். வராது. தேர்வில் பெரும்பாலும் கேள்வியோடு விடைகளும் தரப்படுகின்றன. வேலையிலோ "நெட் வரலை சார்" என்ற ஒரு வாக்கியம் மட்டுமே கிடைக்கும், அதற்குரிய கேள்வியையும் நாமே கண்டுபிடிக்க வேண்டும். டம்ப் படித்தவர் அங்கேதான் கையைப் பிசைகிறார்.

நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஒரு ரவுட்டர், ஒரு சுவிட்ச், இரண்டு கணினிகளை இணைத்து, எல்லாம் ஓடியபின் கேட்வே (வேறு நெட்வொர்க்குக்குச் செல்லும் வாசல்) முகவரியை வேண்டுமென்றே தவறாக மாற்றி, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பாருங்கள். நெட்வொர்க்கின் அளவைக் குறிக்கும் /26 என்றால் 64 முகவரிகள், கணினிகளுக்கு 62 என்பதைக் கால்குலேட்டர் இல்லாமல் தாளில் போட்டுப் பழகுங்கள். வீட்டுக் கணினியில், நெட்வொர்க்கில் போய்வரும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து வைத்து, ஐபி முகவரியை விடுவித்து மீண்டும் பெறுங்கள். நீங்கள் ஒப்பித்த நான்கு செய்திகளும் வரிசையாக வந்து நிற்பதைக் கண்ணால் காணலாம்.

அலுவலக நெட்வொர்க்கில் சோதனை வேண்டவே வேண்டாம். அனுமதியின்றி அதை ஸ்கேன் செய்து பார்ப்பதும் உங்களைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 வரை இழுத்துச் செல்லக்கூடும். கருவி இல்லையென்றால் தயங்காமல் எங்களிடம் கேளுங்கள். எங்கள் ஸ்டோர் அறையில் பழைய சுவிட்சுகள் நான்கைந்து தூசி படிந்து கிடக்கின்றன.