கேமரா எட்டாத வழிபாடுகள்: உலகச் சமயங்களைப் பல்லூடகம் வழியே கற்பிப்போர் கவனத்திற்கு

உலகச் சமயங்களைக் கல்லூரியில் பாடமாக நடத்தும் எங்களைப் போன்றோர் இன்று காணொளிகளையும் ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் ஏற்றப்பட்ட பழஞ்சுவடிகளையும் நம்பியே வகுப்பை நகர்த்துகிறோம். அவற்றின் பயனை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால், கேமராவுக்கு எட்டியது மட்டுமே ஒரு சமயம் என்று மாணவர்கள் எண்ணிவிடுவதை விடைத்தாள்களில் ஆண்டுதோறும் காண்கிறேன்.

யூதர்களின் ஓய்வுநாளான சாபத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளி மாலை கதிரவன் மறைவதற்குச் சற்று முன்பு தொடங்கிச் சனி இரவு வரை நீளும் அந்நாளில், மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றுவோர் மின்கருவிகளை இயக்குவதில்லை, படம் பிடிப்பதுமில்லை. ஆகவே சாபத் வழிபாடு என்ற பெயரில் நமக்குக் கிடைக்கும் காணொளி, பெரும்பாலும் வேறொரு நாளில் செய்து காட்டப்பட்டதாகவோ, இவ்விதியை அந்த அளவுக்குக் கொள்ளாத சீர்திருத்தப் பிரிவினர் ஒளிபரப்பியதாகவோதான் இருக்கும். இதைச் சொல்லாமல் படத்தை ஓடவிட்டால், அந்நாளின் முதன்மையான கட்டுப்பாடுகளுள் ஒன்று மாணவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். குஜராத்தின் உத்வாடாவில் பார்சிகள் போற்றும் ஈரான்ஷா நெருப்பு எரியும் கோவிலுக்குள்ளும் பிற சமயத்தார் செல்ல இயலாது. கும்பமேளாவும் ஹஜ்ஜும் வான்வழிக் காட்சிகளாகக் குவிந்து கிடக்க, ஒரு வீட்டின் மூலையில் நாள்தோறும் நடக்கும் வழிபாட்டைக் காட்டும் பதிவைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நூலால் தர முடியாததை ஒலிப்பதிவு தருகிறது என்பதில் ஐயமில்லை. சீக்கியரின் குரு கிரந்த் சாகிப்பில் பெரும்பகுதிப் பாடல்கள் 31 ராகங்களின் கீழ் வகுக்கப்பட்டுள்ளன; மொழிபெயர்ப்பை மட்டும் படிக்கும் மாணவர் இவ்வமைப்பின் காரணத்தை உணர மாட்டார். அமிர்தசரஸ் பொற்கோவிலிலிருந்து நாள்தோறும் ஒலிபரப்பாகும் கீர்த்தனத்தைப் பத்து நிமிடம் கேட்கச் செய்தால் விளக்கம் பாதி குறைந்துவிடும். ஆயினும் அதில் ஒலிக்கும் ஆர்மோனியம் குருமார் காலத்துக் கருவி அன்று, 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

சுவடிப் படங்களில் எனக்கு மிகவும் உதவுவது, 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்க விவிலியமான சினாயிட்டிக்கஸ் சுவடியின் இணையத்தளம். இலண்டன், லைப்சிக், சினாய், சென் பீட்டர்ஸ்பர்க் ஆகிய நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கும் ஏடுகளை 2009 முதல் அதில் ஒன்றாகப் பார்க்கலாம். எழுத்துகளைப் பெரிதாக்கினால் அடித்தல் திருத்தல்கள்கூடத் தெளிவாகத் தெரியும். அதே வேளையில், படம் காட்டாதவையும் உண்டு. பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலுள்ள குர்ஆன் ஏடுகளின் காலம் கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. அக்கணிப்பு எழுதப்பட்ட தோலைப் பற்றியதே தவிர, மையைப் பற்றியது அன்று. சுருக்கமான காணொளிகள் பலவற்றில் இவ்வேறுபாடு இடம்பெறுவதில்லை.

அண்மைக் காலமாக அசைவூட்டப் படங்களும் செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்களும் இந்த வரம்பை எதிர்த்திசையில் மீறுகின்றன. கேமரா காட்ட முடியாததை அவை தயங்காமல் வரைந்துவிடுகின்றன. பெரும்பாலான முஸ்லிம்கள் நபிகள் நாயகத்தை உருவமாக வரைவதை ஏற்பதில்லை என்றிருக்க, பாடத்துக்கென்று பதிவிறக்கிய காணொளியின் நடுவே அத்தகைய உருவம் வந்து நிற்கக்கூடும். எனவே எந்தக் காணொளியையும் முதலிலிருந்து இறுதிவரை தனியாகப் பார்த்த பிறகே வகுப்பில் காட்டுங்கள். அதைத் தயாரித்தவர் யார், எந்தப் பிரிவினரை, எந்த நாளில், யார் இசைவுடன் படம் பிடித்தார் என்பதைத் திரையிடுவதற்கு முன்பே மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.