வால்ரஸின் படகு உருகும்போது

வடதுருவக் கடல்களில் வாழும் வால்ரஸ் என்றதும் எல்லோருக்கும் தந்தம்தான் நினைவுக்கு வரும். அந்தத் தந்தத்தால் கடலடியைக் கிளறித்தான் இரை தேடுகிறது என்று வெகுகாலம் நம்பியவர்களும் உண்டு. சாப்பாட்டு விஷயத்தில் தந்தத்துக்குப் பெரிய வேலை இல்லை. மீசையும் நாக்கும்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கின்றன.

மேலுதட்டில் 400-க்கும் மேற்பட்ட தடித்த மீசை மயிர்கள். ஒவ்வொன்றின் வேரிலும் நரம்புகள் செறிந்திருக்கும். கடலடி இருட்டில், சேறு கலங்கிய நீரில் கண்ணால் பயனில்லை. அதனால் வால்ரஸ் தலைகுப்புறச் சாய்ந்து, மூக்கைத் தரையில் பதித்து, மீசையால் தடவிக்கொண்டே நகர்கிறது. சேற்றுக்குள் மட்டி இருப்பது தெரிந்ததும் துடுப்பால் விசிறியோ, வாயால் தண்ணீரைப் பீய்ச்சியோ மண்ணை விலக்கும். மட்டியின் ஓட்டை உதட்டால் கவ்விக்கொண்டு, பம்புக்குள் பிஸ்டன் போவதைப் போல நாக்கைப் பின்னுக்கு இழுக்கும். வாய்க்குள் அழுத்தம் குறைந்து, சதை மட்டும் உறிஞ்சப்பட்டு உள்ளே போய்விடும். ஓடு அங்கேயே கிடக்கும்.

வடகிழக்குக் கிரீன்லாந்தின் யங் சவுண்ட் விரிகுடாவில் இப்படி விட்டுப்போன ஓடுகளை முக்குளிப்பவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஒரே முழுக்கில் சராசரியாக 53 மட்டிகள்! முழுக்கு என்பது சில நிமிடங்கள்தான். அங்கே நீருக்கடியில் எடுத்த படங்களில் இன்னொன்றும் தெரிந்தது. சேற்றை விலக்க வால்ரஸ்கள் வலது துடுப்பையே அதிகம் பயன்படுத்துகின்றன.

ஒரு நாளில் தன் உடல் எடையில் 6 சதவீதம் வரை அது சாப்பிடக்கூடும். ஒரு டன் எடையுள்ள விலங்குக்கு அறுபது கிலோ சதை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக உறிஞ்சித்தான் அவ்வளவும் சேர வேண்டும். ஆகவே மட்டி நெருக்கமாக விளையும் இடம் வேண்டும். தரையும் ஆழமில்லாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான் வால்ரஸ் இரை தேடுகிறது.

அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் இதற்கென்றே அமைந்ததுபோல ஒரு கடல் இருக்கிறது. பெரிங் நீரிணைக்குத் தெற்கே பெரிங் கடலின் வடபகுதி, வடக்கே சுக்சி கடல். இரண்டிலும் பரந்த கண்டத்திட்டு, அதாவது நிலத்தின் விளிம்பு கடலுக்கடியில் நீண்டு கிடக்கும் ஆழமில்லாத தரை. ஐம்பது மீட்டர் வாக்கில்தான் ஆழம். பசிபிக் வால்ரஸ்களின் உலகம் இதுதான். குளிர்காலத்தில் எல்லாம் பெரிங் கடலில் இருக்கும். வசந்தத்தில் கடல்மேல் உறைந்து மிதக்கும் பனி வடக்கே பின்வாங்கும்போது தாய்களும் குட்டிகளும் அதனுடனேயே சுக்சிக்குப் போய்விடும். வளர்ந்த ஆண்களில் பல தெற்கிலேயே, பிரிஸ்டல் விரிகுடாவின் ரவுண்ட் தீவு போன்ற கரைகளில் கோடையைக் கழிக்கும்.

தாய்கள் பனியோடு போவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. வால்ரஸால் திமிங்கிலத்தைப் போல முடிவில்லாமல் நீரிலேயே வாழ முடியாது. தொண்டையில் காற்றுப் பைகளை நிரப்பிக்கொண்டு மிதந்தபடி தூங்கத் தெரியும், ஆனாலும் கடைசியில் ஏறிப் படுக்க ஓர் இடம் வேண்டும். மிதக்கும் பனித்தட்டு அந்த இடம். குட்டியை அதன்மேல் விட்டுவிட்டு நேரே கீழே முழுகலாம், சாப்பிடலாம், மேலே வந்து பால் கொடுக்கலாம். ஒரு பக்கம் மட்டி தீர்ந்துவிடுமே என்ற கவலையும் வேண்டாம். காற்றும் நீரோட்டமும் தட்டை நகர்த்திக்கொண்டே போகும். தூங்கி எழுந்தால் கீழே புதிய தரை இருக்கும்.

பனி செய்யும் இன்னொரு வேலைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. அந்த மட்டிகளுக்கே சாப்பாடு போடுவது பனிதான்.

பனித்தட்டின் அடிப்பக்கத்தில் பாசிகள் வளர்கின்றன. வசந்தத்தில் வெளிச்சம் கூடியதும் அவை செழிக்கும். பனி உருகும் ஓரத்தில், மேல்நீரில் மிதக்கும் நுண்தாவரங்களும் ஒரேயடியாகப் பெருகும். இவற்றைத் தின்ன வேண்டியவை மிதந்து திரியும் மிகச்சிறு விலங்குகள். ஆனால் அந்த நேரத்தில் தண்ணீர் கடுங்குளிராக இருப்பதால் அவை இன்னும் பெருகியிருக்காது. தின்ன ஆளில்லாமல் பாசி அப்படியே கீழே இறங்கும். ஆழம் குறைவு என்பதால் வழியில் கெட்டுப்போவதற்குள் தரையைத் தொட்டுவிடும். மட்டி, புழு, நத்தை எல்லாவற்றுக்கும் விருந்து. அந்தக் கண்டத்திட்டின் தரை உயிர்களால் அவ்வளவு நிறைந்திருப்பது இதனால்தான்.

இப்போது பனி சீக்கிரமே விலகிவிட்டால் என்ன ஆகும்? பனியடிப் பாசி குறையும். நுண்தாவரங்கள் பின்னால், வெதுவெதுப்பான நீரில் பெருகும். அப்போது மிதவை விலங்குகள் தயாராக இருக்கும். மேலேயே பெரும்பங்கு தின்னப்பட்டு, அது மீன்களின் வயிற்றுக்குப் போகும். தரைக்கு வந்து சேர்வது மிச்சம்தான். வடக்கு பெரிங் கடலில் இப்படியொரு மாற்றம் தொடங்கிவிட்டது என்று 2006-லேயே சயன்ஸ் இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2018 குளிர்காலத்தில் அங்கே பனி, அதுவரையிலான பதிவுகளில் இல்லாத அளவு குறைந்தது. பனி உருகி அடியில் தேங்கும் குளிர்நீர்தான் காட், பொல்லாக் மீன்களை வடக்கே வரவிடாமல் தடுக்கும் வேலி. அந்த ஆண்டு வேலி இல்லை, மீன்கள் வடக்கே ஏறிவிட்டன. காட் மீன் தரையில் வாழும் உயிர்களையும் தின்னக்கூடியது.

உணவு குறைவது மெதுவாக நடக்கும். மட்டிகள் பல ஆண்டுகள் வாழ்பவை என்பதால் ஒரு மோசமான வசந்தம் உடனே தெரியாது. பனிப் படுக்கை போவது அப்படியல்ல, ஒரே கோடையில் தெரிந்துவிட்டது.

2007 செப்டம்பரில் பனியின் ஓரம் கண்டத்திட்டையே தாண்டி, ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள கடலுக்கு மேல் போய் நின்றது. அங்கே முழுகினால் தரையே எட்டாது. வால்ரஸ்களுக்கு இரண்டே வழிதான்: மட்டி இல்லாத இடத்தில் பனியோடு இருப்பது, அல்லது பனியை விட்டுக் கரைக்கு வருவது. அவை கரைக்கு வந்தன. அதற்குப்பின் பனியில்லாத ஆண்டுகளிலெல்லாம் இதுவே நடக்கிறது. 2014-இல் அலாஸ்காவின் பாயிண்ட் லே கிராமத்துக்கு அருகே ஏறத்தாழ 35,000 வால்ரஸ்கள் ஒரே கரையில் நெருக்கியடித்துக் கிடந்தன. ரஷ்யப் பக்கம் செர்ட்சே-காமென் முனையில் கூடும் கூட்டம் இதைவிடப் பெரிது.

அவ்வளவு நெருக்கத்தில் ஒரு பனிக்கரடியோ, தாழப் பறக்கும் விமானமோ போதும், கூட்டம் மிரண்டு கடலை நோக்கி ஓடும். டன் கணக்கில் எடையுள்ள உடல்களுக்கு அடியில் சிக்குபவை குட்டிகள். 2009-இல் அலாஸ்காவின் ஐசி கேப் கரையில் 131 வால்ரஸ்கள் செத்துக் கிடந்தன. பெரும்பாலும் இளசுகள். பாயிண்ட் லே மக்கள் வேடிக்கை பார்க்க வர வேண்டாம் என்று வெளியாட்களைக் கேட்டுக்கொள்வது இதனால்தான். அலாஸ்காவின் பழங்குடிகளான இன்யுபியாட் மக்களின் அந்தக் கிராமம் இதில் காட்டும் அக்கறை பெரிது என்று நினைக்கிறேன்.

மிதிபட்டுச் சாவது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. தெரியாதது வேறொன்று இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தினர் குறுக்குவில்லால் சிறிய செயற்கைக்கோள் கருவிகளை எய்து வால்ரஸ்களின் தோலில் பொருத்தினார்கள். எங்கே போகிறது, எப்போது இரை தேடுகிறது, எப்போது ஏறிப் படுக்கிறது என்று கருவி சொல்லும். பனி இருக்கும்போது சுக்சி கடலின் ஹன்னா திட்டுப் பகுதியில் அவை நிறைய நேரம் செலவிட்டன. மட்டிகள் செழித்த இடம் அது. பனி போனபின் கரையிலிருந்து அங்கே போக ஒரு பக்கத்துக்கே 150 கிலோமீட்டருக்கு மேல் நீந்த வேண்டும். சில போய்த் திரும்பின. பல, கரைக்குப் பக்கத்திலேயே, இரை குறைந்த தரையில் மேய்ந்தன. ஆயிரக்கணக்கான வாய்கள் ஒரே இடத்தில் மேய்ந்தால் எத்தனை நாள் தாங்கும்?

குட்டி வைத்திருக்கும் தாய்க்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். குட்டியை நெரிசலில் விட்டுப் போவதா, அவ்வளவு தூரம் நீந்தவைப்பதா? பெண் வால்ரஸின் கர்ப்பகாலம் பதினைந்து மாதம், ஈன்றபின் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ பால் கொடுக்கும். மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டி என்பதே வேகம்தான். ஒரு குட்டி போனால் அந்த இடத்தை நிரப்ப வெகுநாள் ஆகும்.

சரி, மட்டி கிடைக்காவிட்டால் வேறு எதையாவது தின்னாதா? தின்னும். வயிற்றைத் திறந்து பார்த்த பழைய ஆய்வுகள் மட்டியைக் கொஞ்சம் மிகைப்படுத்தின என்பது பின்னால் புரிந்தது. புழு போன்ற மென்மையான இரை சீக்கிரம் கரைந்துவிடும். கெட்டியான மட்டிச்சதை தங்கியிருக்கும். உண்மையில் புழு, நத்தை, நண்டு என்று பட்டியல் நீளமானது. சில வால்ரஸ்கள் கடல்நாய்களையும் தின்கின்றன. இப்படிப்பட்டவற்றை வடக்கு வேட்டைக்காரர்கள் நெடுங்காலமாகவே அறிவார்கள்.

இதை அறிய இன்று எலும்பும் மீசையும் உதவுகின்றன. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது, கனமான நைட்ரஜன் அணுவின் பங்கு உடலில் கொஞ்சம் கூடுகிறது. மட்டி மட்டும் தின்றதா, மட்டியைவிட மேல்படியில் உள்ளதைத் தின்றதா என்று அந்த அளவு காட்டிக்கொடுத்துவிடும். மீசை மயிர் வளர்ந்துகொண்டே இருப்பதால் அடியிலிருந்து நுனிவரை அது ஒரு நாட்குறிப்பு மாதிரி. பழங்குடிகள் வாழ்ந்த இடங்களில் தோண்டியெடுத்த எலும்புகளைக் கொண்டு நாலாயிரம் ஆண்டு உணவுப்பழக்கத்தைக்கூட ஆராய்கிறார்கள்.

இந்த மாற்றம் மனிதர்களின் சமையலறைவரை வந்துவிட்டது. பெரிங் கடலின் செயின்ட் லாரன்ஸ் தீவில் உள்ள கேம்பெல், சவுங்கா ஊர்களில் யூபிக் பழங்குடி மக்கள் வசந்தத்தில் வால்ரஸ் வேட்டையாடித்தான் ஆண்டு முழுவதற்கும் இறைச்சி சேர்ப்பார்கள். 2013-இல் பனியும் காற்றும் ஒத்துழைக்காமல் வேட்டை படுத்துவிட்டது. அலாஸ்கா ஆளுநர் அதைப் பொருளாதாரப் பேரிடராக அறிவித்தார்.

பசிபிக் வால்ரஸ்கள் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அழிவின் விளிம்பில் நிற்கும் விலங்கு அல்ல. ஆனால் பனியைச் சுற்றியே அமைந்த வாழ்க்கையை அது இப்போது கரையிலிருந்து நடத்தப் பழகுகிறது. இலையுதிர்காலம் முடியும்வரை செர்ட்சே-காமெனின் கூழாங்கல் கரையில் தாய்கள் குட்டிகளுடன் காத்துக்கிடக்கின்றன. வடக்கிலிருந்து புதுப்பனி வரும், கனம் பிடிக்கும், தெற்கே நகரத் தொடங்கும். அப்போது அவை மறுபடியும் அதில் ஏறிக்கொள்ளும்.