'எனி டிகிரி' என்று ஏன் போடுகிறார்கள்?

மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடை. கணக்கு எழுத ஆள் தேவை என்று என்னிடம் வந்தார்கள். தகுதி: எனி டிகிரி. டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் தெரிந்த பிளஸ் டூ ஆள் போதாதா என்று முதலாளியிடம் கேட்டேன். "போதும் சாரே. ஆனா டிகிரின்னு போடலன்னா ஊரே வந்து நிக்கும். நான் யாவாரத்தப் பாக்கவா, இண்டர்வியூ நடத்தவா?" என்றார்.

ஆள் எடுத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் சொல்கிறேன், பல இடங்களில் காரணம் இவ்வளவுதான். அதிலும் நம் கன்னியாகுமரி மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடம் பிடித்தது. தெருவுக்கு நாலு பட்டதாரி இருக்கும் ஊரில் டிகிரி கேட்க முதலாளிக்கு என்ன செலவு?

உள்ளே நடப்பது இதுதான். விண்ணப்பங்களை எக்செலில் ஏற்றியதும் 'கல்வித் தகுதி' நெடுவரிசையில் ஃபில்டர் போடுவோம். பிளஸ் டூ, ஐடிஐ, டிப்ளமோ எல்லாம் ஒரே க்ளிக்கில் மறைந்துவிடும். யாரும் அழிப்பதில்லை. திரும்பத் திறந்து பார்ப்பதும் இல்லை. இதில் பயமும் உண்டு. எடுத்த பட்டதாரி சொதப்பினால் அது அவர் தலைவிதி, டிகிரி இல்லாதவர் சொதப்பினால், "இவனை எவன் எடுத்தான்?" என்று எச்ஆர் சட்டையைப் பிடிப்பார்கள்.

பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973லேயே இதை எழுதிவிட்டார். படிப்பில் கற்றது வேலைக்கு உதவாவிட்டாலும், இவ்வளவையும் தாண்டி வந்த ஆள் என்ற அடையாளமாக முதலாளி அதை எடுத்துக்கொள்வார் என்பது அவர் வாதம். 2001ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அரியர் அத்தனையும் முடித்தவன் காலையில் நேரத்துக்கு வருவான் என்ற நம்பிக்கை, வேறென்ன.

ஆனால் எல்லா இடத்திலும் இது வெறும் சல்லடை என்று நினைத்துவிடாதீர்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 2க்கு டிகிரி விதிப்படி வேண்டும், குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பு போதும். வளைகுடா விசாவில் சில பதவிகளுக்கு அட்டெஸ்ட் செய்த சான்றிதழ் கேட்பார்கள். கம்பெனி மனது வைத்தாலும் அங்கே நடக்காது. விண்ணப்பிக்கும் முன், கேட்பது சட்டமா கம்பெனி வழக்கமா என்று விசாரியுங்கள்.

வழக்கம்தான் என்றால் எச்ஆருக்கு ரெஸ்யூமே அனுப்பிக் காத்திருப்பது வீண். அந்தப் பிரிவில் வேலை பார்க்கும் ஆளைப் பிடித்து, செய்த வேலையைக் காட்டுங்கள். ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு அப்ரண்டிஸ் வழி இருக்கிறது. அங்கே உங்களை வேலையில் வைத்தே பார்த்துவிடுவார்கள். மென்பொருள் பக்கம் ஸோஹோ, பிளஸ் டூ முடித்தவர்களையும் எடுத்துப் பயிற்சி தருகிறது.

சிலர் அவசரப்பட்டு, ஒரே வருடத்தில் பழைய தேதி போட்டு டிகிரி தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டுகிறார்கள். சேர்ந்து மாதங்கள் கழித்துக்கூட கம்பெனி பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கும். வேலை போவதோடு, போலிச் சான்றிதழ் வழக்கும் வரலாம். அஞ்சல் வழியில் படிப்பதென்றால், அந்தப் பாடத்துக்கு அந்த ஆண்டு அனுமதி உண்டா என்று யுஜிசி இணையதளத்தில் பார்த்துவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.