நடுவயதில் ஆஸ்துமா ஏன் முற்றுகிறது?

சின்ன வயதில் இழுப்பு இருந்தது, பள்ளி முடிவதற்குள் காணாமல் போனது, நாற்பதைத் தொடும்போது மறுபடி வந்துவிட்டது. அல்லது, மாதத்துக்கு ஒருமுறை இன்ஹேலரைத் தேடிக்கொண்டிருந்தவர் இப்போது வாரத்துக்கு நாலு நாள் தேடுகிறார். இப்படி வருகிறவர்களை நுரையீரல் மருத்துவர்கள் நிறையவே பார்க்கிறார்கள். "வயசாயிடுச்சு, அதான்" என்று நோயாளியே காரணத்தையும் சொல்லிவிடுவார். வயதுக்கும் பங்கு உண்டு. ஆனால் வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டால், சரிசெய்யக்கூடிய மற்ற காரணங்களை யாரும் தேடுவதில்லை.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் மூன்று விதத்தில் குறுகும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், உட்சுவர் வீங்கும், கெட்டியான சளி சேரும். தசை சில நிமிடங்களில் இறுகிவிடுவதால் அது உடனே தெரியும். வீக்கம் அப்படி அல்ல. அது வாரக்கணக்கில் மெல்ல ஏறும். ஈசினோஃபில் போன்ற வெள்ளணுக்கள் சுவருக்குள் வந்து குவிந்து, வேதிப்பொருட்களைக் கசியவிட்டு, அந்த இடத்தை எப்போதும் சிடுசிடுப்பாகவே வைத்திருக்கும். இந்த அழற்சிதான் நோயின் வேர்.

இங்கே ஒரு கணக்கு முக்கியம். குழாயின் ஆரம் பாதியானால், அதில் ஓடுவதற்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840-களில் வெளியிட்ட விதி இது. சீரான ஓட்டத்துக்கு உரிய கணக்குதான் என்றாலும், மூச்சுக்குழாய்க்கும் இதன் போக்கு பொருந்தும். உட்சுவர் ஏற்கெனவே கொஞ்சம் வீங்கியிருப்பவருக்கு, ஒரு சாதாரண சளிக்காய்ச்சலில் குழாய் இன்னும் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு குறுகினாலே போதும். "நேற்று வரை நன்றாகத்தான் இருந்தேன், ராத்திரி திடீரென்று" என்பார்கள். நேற்றும் நன்றாக இல்லை, தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் தெரிவதில்லை? மெதுவாக ஏறும் தடைக்கு மூளை பழகிவிடுகிறது. மாடிப்படியை விட்டு லிஃப்டுக்கு மாறுவோம், நடையைக் குறைப்போம், பேசும்போது வாக்கியத்தைச் சுருக்குவோம். யாராவது கேட்டால், உடம்பில் முன்போல் தெம்பு இல்லை என்போம். பல ஆண்டுகளாக ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு, குழாய் கணிசமாகக் குறுகிய பிறகும் மூச்சுத்திணறல் உறைப்பதே இல்லை. அதனால்தான் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய கருவியைத் தருகிறார்கள். முழு மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் வேகமாகவும் பலமாகவும் ஊதினால், காற்று வெளியேறும் உச்ச வேகத்தைக் காட்டும். காலையும் மாலையும் ஊதிக் குறித்துவைத்தால் இரண்டு வாரத்தில் ஒரு வரைபடம் கிடைக்கும். ஒரே நாளுக்குள் எண்கள் ரொம்ப ஏறி இறங்குவதும், உங்களுடைய சிறந்த எண்ணில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போவதும் எச்சரிக்கை. நெஞ்சைவிட அந்தத் தாளை நம்பலாம்.

மூச்சு உள்ளே போகவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் சிக்கல் வெளியே விடுவதில் இருக்கிறது. இழுக்கும்போது விரியும் நுரையீரல் குழாய்களையும் சேர்த்து இழுத்துத் திறக்கும், விடும்போது அவை சுருங்கும். குறுகிய குழாய் அப்போது இன்னும் அடைபட, பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும். ததும்பும் குடத்தில் மேலும் ஊற்றுவது போலத்தான் அடுத்த மூச்சு.

சரி, சல்பூட்டமால் இன்ஹேலர் இருக்கிறதே? இரண்டு பஃப் அடித்தால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறதே? விடும். அது தசையிலுள்ள பீட்டா-2 ஏற்பிகளை (மருந்து போய் ஒட்டும் இடங்களை) தூண்டித் தசையைத் தளர்த்துகிறது, நாலு முதல் ஆறு மணிநேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. நிவாரணம் உடனே கிடைப்பதால் அழற்சி கவனிக்கப்படாமல் வளர்கிறது. 1976-இல் இருந்து நியூசிலாந்தில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென்று கூடின. ஃபெனோட்டெரால் என்ற வீரியமான நிவாரண மருந்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதை 1989-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டதும் மரணங்கள் குறைந்தன. 'ஜினா' என்ற உலகளாவிய ஆஸ்துமா அமைப்பு 2019-இல் தன் வழிகாட்டுதலையே மாற்றியது: வயதுவந்தோருக்கு இனி நிவாரண மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம், வீக்கத்தைக் குறைக்கும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். நிவாரண மருந்தில், 200 பஃப் கொண்ட குப்பிகள் ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்க்கிறீர்கள் என்றால், தீவிரத் தாக்குதலுக்கான ஆபத்து கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்டீராய்டு என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். பழகிவிடும், எலும்பு போய்விடும், இன்ஹேலர் கடைசிக் கட்டத்தில்தான் என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரு தீவிரத் தாக்குதலுக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை பெரும்பாலும் தினம் 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு பஃப்புக்கு 100, 200 மைக்ரோகிராம்தான். இரண்டின் வீரியமும் வேறு என்பதால் எண்ணுக்கு எண் ஒப்பிடக் கூடாது. என்றாலும், இன்ஹேலருக்குப் பயந்து அதைத் தவிர்த்து, ஆண்டுக்கு மூன்று முறை மாத்திரையில் முடிகிறவர் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தெரியும். அதிக அளவில் பல ஆண்டுகள் இழுத்தால் பக்கவிளைவு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. குரல் கம்முவதும் வாயில் பூஞ்சை படர்வதும் சாதாரணம். இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெருமளவு தவிர்க்கலாம்.

இனி, புதிதாக என்ன சேர்ந்தது என்ற கேள்வி. வயதுவந்த பிறகு வருகிற அல்லது முற்றுகிற ஆஸ்துமாவில் முதலில் கேட்க வேண்டியது வேலையைப் பற்றி. வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர்களுக்கு அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம், பேக்கரியில் மாவுத்தூசி, தச்சுப்பட்டறையில் மரத்தூள், துப்புரவு வேலையில் ரசாயனங்கள். ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், இவை முதல் நாளே தாக்குவதில்லை. மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள், ஒன்றும் ஆகாது. பிறகு உடல் அந்தப் பொருளை எதிரியாகப் பதிந்துகொள்ளும். 'பத்து வருஷமா இதே வேலைதானே' என்பது அதனால் வாதமே ஆகாது. சிலருக்கு வேலையிடத்தில் ஒன்றும் இருக்காது, மாலையிலோ இரவிலோதான் இழுக்கும். விடுமுறையில் மூச்சு லேசாகி, வேலைக்குத் திரும்பிய ஓரிரு நாளில் பழையபடி ஆனால், அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். சீக்கிரம் விலகினால்தான் தேறும் வாய்ப்பு அதிகம்.

அடுத்து மாத்திரைகள். வயதுவந்த ஆஸ்துமா நோயாளிகளில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்கு ஆஸ்பிரின் ஒத்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளும் ஆகாது. இந்த மருந்துகள் ஒரு நொதியைத் தடுப்பதால், மூச்சுக்குழாயை இறுக்கும் லூக்கோட்ரையீன்கள் பெருகிவிடுகின்றன. மூக்கில் சதை வளர்ச்சி, வாசனை தெரியாமல் போவது, இவற்றோடு ஆஸ்துமாவும் இருந்தால் சந்தேகப்படலாம். அதற்காக, இதுவரை ஒத்துக்கொண்டு வந்த இதய ஆஸ்பிரினை யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது.

இன்னொன்று யாரும் யோசிக்காத இடத்தில் இருக்கும்: கண் சொட்டு மருந்து. கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமோலால், பீட்டா ஏற்பிகளைத் தடுக்கும் வகை. சல்பூட்டமால் தூண்டுவதை இது அடைக்கிறது. கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்ப் பாதை வழியாக மூக்கில் இறங்கி, அங்கிருந்து ரத்தத்தில் கலந்து, மூச்சுக்குழாயை எட்டிவிடும். கண் மருத்துவரிடம் ஆஸ்துமாவைச் சொல்லாமல் விடுவதற்கு 'கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்' என்ற எண்ணம்தான் காரணம்.

உடல் எடை, நெஞ்செரிச்சல், சைனஸ், மாதவிடாய் நிற்கும் காலத்து ஹார்மோன் மாற்றம் எல்லாமே ஆஸ்துமாவைத் தூண்டிவிடலாம். சிறுவயதில் ஆண்பிள்ளைகளுக்கு அதிகம் இருக்கும் நோய், வளர்ந்த பிறகு பெண்களிடம் அதிகமாகிறது. புகை இரட்டைக் கேடு: குழாயைப் புண்ணாக்குவதோடு ஸ்டீராய்டின் வேலையையும் மழுக்கும். வயதின் பங்கு என்று சொன்னேனே, அது இதுதான்: நுரையீரலின் திறன் இருபதுகளில் உச்சம் தொட்டு, பிறகு எல்லோருக்கும் மெல்ல இறங்கும். அடங்காத அழற்சி குழாய்ச் சுவரைத் தடிக்கவைத்தால் இறக்கம் வேகமாகும், அந்தத் தடிப்பு முழுதாகத் திரும்புவதும் இல்லை.

மருந்தைக் கூட்டுவதற்கு முன் நல்ல மருத்துவர் இரண்டைப் பார்ப்பார். ஒன்று, இது ஆஸ்துமாதானா. இதயம் பலவீனமானாலும், புகையால் நுரையீரல் கெட்டாலும், குரல்நாண் தவறாக மூடினாலும் இதே இரைப்பு வரும். ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்யாமல் காலங்காலமாக ஆஸ்துமா மருந்து எடுப்பவர்கள் உண்டு. இரண்டு, இன்ஹேலரை எப்படி இழுக்கிறீர்கள். 1955-இல் ரைக்கர் மருந்து நிறுவனத் தலைவரிடம் ஆஸ்துமா உள்ள அவருடைய 13 வயது மகள், தலைமுடி ஸ்ப்ரே மாதிரி இந்த மருந்தும் வரக்கூடாதா என்று கேட்டதில் பிறந்தது இந்தக் குப்பி; அடுத்த ஆண்டே விற்பனைக்கு வந்தது. அன்றிலிருந்தே கை அழுத்துவதும் மூச்சு இழுப்பதும் ஒன்றுசேர்வதுதான் பாடு. குலுக்கி, மூச்சை முழுக்க விட்டு, அழுத்தும் அதே நேரத்தில் மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து விநாடி பிடித்துவைக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே அடிபட்டு நின்றுவிடும். பவுடர் இன்ஹேலருக்கு நேர்மாறு, வேகமாக இழுத்தால்தான் தூள் உடைந்து உள்ளே போகும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் முறையை மாற்றிப்போடுவது சகஜம். ஸ்ப்ரேக்கு ஒரு ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும், மருந்தைத் தேக்கிவைக்கும் குழாய்) வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அடங்காத கடும் ஆஸ்துமாவுக்கு, அழற்சிச் சங்கிலியின் குறிப்பிட்ட கண்ணிகளை மட்டும் தடுக்கும் ஊசிகள் இப்போது இருக்கின்றன. 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒமாலிசுமாப் முதலாவது. ரத்தத்தில் ஈசினோஃபில் எண்ணிக்கை போன்றவற்றைப் பார்த்து, யாருக்கு எது என்று முடிவு செய்வார்கள்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, நிவாரண மருந்து நாலு மணிநேரம்கூடத் தாங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனைதான். இரைப்புச் சத்தம் திடீரென்று அடங்கியும் திணறல் தொடர்ந்தால் அது நல்ல அறிகுறி அல்ல, சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை. உதவி வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்பேசர் வழியாக நிவாரண மருந்தை அரை நிமிடத்துக்கு ஒரு பஃப் வீதம் பத்து வரை எடுக்கலாம். வீடு திரும்பிய பிறகு மூச்சு சரியாகிவிட்டது என்று ஸ்டீராய்டு மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். தசை சில மணிநேரத்தில் தளர்ந்துவிடும், வீக்கம் வடிய நாட்கள் ஆகும். நன்றாக இருந்தாலும் சில நாட்களுக்குள் மருத்துவரைப் பார்த்து, ஏன் இப்படி ஆனது என்று கேளுங்கள்.