மரத்தடித் தெருவின் அமைதி எங்கிருந்து வருகிறது?

எங்கள் தெருமுனையில் இருந்த பெரிய மரத்தைப் போன வருடம் வெட்டினார்கள். ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டு அம்மா என்னை நிறுத்தி, "மெயின் ரோடே வாசலுக்கு வந்த மாதிரி இருக்கு தம்பி, ராத்திரி தூக்கமே வரல" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மரம் இருந்தபோதே ஓர் ஆர்வத்தில், கைப்பேசிச் செயலியை வைத்து ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பல நாள் சத்தத்தை அளந்து குறித்து வைத்திருந்தேன். மறுபடி அளந்து பார்த்தேன். எண்ணில் சொல்லும்படியான மாற்றமே இல்லை. கைப்பேசி துல்லியமான கருவி இல்லைதான். ஆனாலும் அந்த அம்மா சொன்ன அளவுக்குச் சத்தம் கூடியிருந்தால் அதில் தெரிந்திருக்கும்.

சத்தம் கூடவில்லை, அவர் சொன்னதும் பொய்யில்லை. இது எப்படி என்று தேடிப் போனபோதுதான், நகரின் மையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தெரு இவ்வளவு அமைதியாக இருப்பதன் கணக்கு எனக்குப் புரிய ஆரம்பித்தது.

மரம் சத்தத்தைத் தடுக்கும் என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். அலைநீளத்தைப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகிறது. கனரக வண்டியின் உறுமல் 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 அதிர்வு என்றால் அதன் அலைநீளம் 3.4 மீட்டர். உள்ளங்கை அளவு இலை அதற்கு ஒரு தடையே இல்லை. குளத்தில் நட்ட குச்சியை அலை சுற்றிக்கொண்டு போவதுபோல அந்த உறுமல் மரத்தைத் தாண்டி வந்துவிடும். சாலையில் டயர் உரசும் சத்தம் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டியது, அலைநீளம் 34 சென்டிமீட்டர். அதுவும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளை மட்டும்தான் இலைகளால் ஓரளவு சிதறடிக்க முடியும். சாலையோரத்தில் ஒரே வரிசையாக நிற்கும் மரங்கள் குறைக்கிற சத்தம் காதுக்குத் தெரியாத அளவுதான். பல பத்து மீட்டர் அகலத்துக்கு மரமும் புதருமாக அடர்ந்திருந்தால் பலன் கணக்கில் வரும். அப்போதும் அந்தப் பலனில் நல்ல பங்கு மண்ணுக்குப் போக வேண்டும். சருகு மூடிய பொலபொலப்பான மண்ணின் நுண்துளைகளுக்குள் புகுந்த ஒலி அங்கேயே தேய்ந்து போகிறது. தார்ச்சாலையும் சிமென்ட் தரையும் அதே ஒலியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும்.

அப்படியானால் அமைதியைத் தருவது எது? பிரதான சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பினால் இருபது அடி நடப்பதற்குள் இரைச்சல் சட்டென்று அடங்கும். யாரோ கதவைச் சாத்தியது போல இருக்கும். கதவு வேறொன்றும் இல்லை, முனையில் இருக்கும் கட்டடங்கள்தான். சாலையைப் பார்த்தபடி இடைவெளியில்லாமல் நிற்கும் கட்டட வரிசை, தன் பின்னால் ஓர் ஒலி நிழலை உண்டாக்குகிறது. ஒலி கூரை விளிம்பில் வளைந்துதான் உள்ளே வர வேண்டும். அப்படி வளைவதில் தாழ்ந்த ஒலிகள் கெட்டி, உயர்ந்த ஒலிகள் பாதியிலேயே உதிர்ந்துவிடும். உள்தெருவில் நமக்குக் கேட்பது வெறும் 'ம்ம்ம்' என்ற முனகலாக இருப்பது இதனால்தான்.

சத்தத்தை அளக்கும் டெசிபல் என்பது கூட்டல் கணக்கு இல்லை, மடங்குக் கணக்கு. 10 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது, காதுக்கு ஏறக்குறைய பாதியாகக் கேட்கிறது. ஓயாமல் வண்டி ஓடும் சாலை ஒரு நீளமான ஒலிக்கோடு மாதிரி. அதிலிருந்து விலகும் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 3 டெசிபல் குறையும். 10 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்குப் போனால் 10 டெசிபல். நடுவே ஒரு முழுக் கட்டட வரிசை இருந்தால் இன்னும் 10 டெசிபலோ அதற்கு மேலோ குறையும். ஆக மொத்தம் 20 டெசிபல், அதாவது நூறில் ஒரு பங்கு ஆற்றல். நூறு மீட்டர் நடந்ததற்கு இது பெரிய லாபம்! ஐரோப்பாவுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாலைச் சத்தம் நாள் முழுவதற்குமான கணக்கில் 53 டெசிபலுக்கும் இரவில் 45 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறது. நகர மையத்தை ஒட்டி அந்த வரம்புக்குள் தூங்க வேண்டுமானால் இப்படி ஓர் ஒலி நிழல் வேண்டும்.

மடங்குக் கணக்கு இன்னொரு பக்கமும் வெட்டும். ஒரு மணி நேரத்துக்குப் பத்து வண்டி போகிற தெருவில், குறுக்குவழி என்று நூறு வண்டி நுழைய ஆரம்பித்தால் சராசரி 10 டெசிபல் ஏறிவிடும். அதன்பின் அதைப் பாதியாக, ஐம்பது வண்டியாகக் குறைத்தால்கூட திரும்பக் கிடைப்பது வெறும் 3 டெசிபல். தெருவின் ஒரு முனையை வண்டிகளுக்கு மூடி, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் திறந்து வைப்பதுதான் என்னைக் கேட்டால் மிகச் சிறந்த வழி. ஊடே போகும் வண்டி இல்லாத தெருவின் அமைதியை வேறு எந்த ஏற்பாட்டாலும் கொடுக்க முடியாது.

சரி, எதிர்வீட்டு அம்மாவுக்கு ஏன் தூக்கம் போனது? சலசலப்பு போனதால்தான். காற்றில் அசையும் இலைகளின் ஓசை பல அதிர்வெண்கள் கலந்த ஒரே சீரான ஒலி. அது சாலையின் முனகலை அழிப்பதில்லை, அதன்மேல் ஒரு போர்வை போல விரிகிறது. திடீர் ஹாரன், பிரேக் கிறீச்சிடல் எல்லாம் அந்தப் போர்வைக்கடியில் துருத்தாமல் போய்விடும். நம் மூளை சத்தத்தின் அளவைவிட அதன் மாற்றத்தைத்தான் அதிகம் கவனிக்கிறது. போதாததற்கு, சாலை கண்ணில் படாமல் பச்சை மட்டும் தெரிந்தால், அதே சத்தம் நமக்குக் குறைவாகத் தொந்தரவு தருகிறது. மரத்தை வெட்டியதும் போர்வையும் போனது, திரையும் போனது.

இரவுக்கென்று தனிக் காரணம் ஒன்றும் உண்டு. பகலில் தரையருகே காற்று சூடாகவும் மேலே போகப்போகக் குளிர்ச்சியாகவும் இருக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போவதால், அலை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் நிலைமை தலைகீழாகி, ஒலி கீழ்நோக்கி வளைகிறது. பகலில் கேட்கவே கேட்காத தூரத்து ரயிலின் சத்தம் நள்ளிரவில் பக்கத்துத் தெருவில் போவதுபோலக் கேட்பது இப்படித்தான்.

பறவைகளுக்கும் இந்தச் சத்தம் ஒரு பாடுதான். நெதர்லாந்தின் லைடன் நகரில் பட்டாணிக் குருவிகளை ஆராய்ந்தவர்கள், இரைச்சல் மிகுந்த இடங்களில் வாழும் குருவிகள் உயர்ந்த சுருதியில் பாடுவதை 2003-இல் எழுதினார்கள். சாலையின் தாழ்ந்த உறுமலுக்கு மேலே ஏறிப் பாடினால்தானே இன்னொரு குருவிக்குக் கேட்கும்.

இவ்வளவும் சொன்னால் மரத்தால் பெரிய பயனில்லை என்று படலாம். அதன் உண்மையான உழைப்பு வெயிலில்தான் தெரியும். காலையில் வெயில் படும் கிளை நுனி ஒன்றை, நான்கைந்து இலையோடு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் பையின் உள்பக்கம் பனி படர்ந்து, பிறகு துளித்துளியாகி, அடியில் தேங்கும். அத்தனையும் வேர் உறிஞ்சி, இலைத்துளைகள் வழியாக வெளியேறிய நீர். நீர்வளமுள்ள ஒரு பெரிய மரம் நல்ல வெயில் நாளில் 100 லிட்டர் நீரை இப்படிக் காற்றில் விடும். ஒரு லிட்டர் ஆவியாக சுமார் 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் செலவாகும். 100 லிட்டருக்கு 68 யூனிட்.

இருந்தாலும் காற்று கலந்துகொண்டே இருப்பதால் மரத்தடியில் வெப்பமானியில் குறைவது பெரும்பாலும் ஓரிரு டிகிரிதான். நமக்கு இதமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் நிழல். உச்சி வெயிலில் தார்ச்சாலை 60 டிகிரியைத் தொடும், நிழல் விழுந்த சாலை அதைவிட 20 டிகிரிக்கும் மேல் குறைவாக இருக்கும். மேலே சூரியன், கீழே தார் என்று இரண்டு பக்கமிருந்தும் உடம்பைச் சுடும் கதிர்வீச்சை மரம் நிறுத்திவிடுகிறது.

இரவில் கதை மாறும். நகரம் சுற்றுப்புறத்தைவிட இரவில் சுமார் 2 டிகிரி சூடாக இருப்பதை லண்டனில் லூக் ஹோவர்ட் 1800-களின் தொடக்கத்திலேயே அளந்து சொல்லிவிட்டார். மேகங்களுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். பகலில் சுவரும் தாரும் சேர்த்த வெப்பம் இரவில் வானத்தை நோக்கி வெளியேற வேண்டும். அடர்ந்த கிளைக்கூரை அதில் ஒரு பகுதியைத் தடுத்து வைத்துக்கொள்ளும். இலைத்துளைகளும் பெரும்பாலும் மூடிவிட்டிருக்கும். ஆகவே இரவில் மரத்தடியைவிட திறந்த புல்வெளிதான் சீக்கிரம் குளிரும். குறுகலான, வண்டி மிகுந்த தெருவில் கிளைகள் கூரையாக மூடிக்கொண்டால் புகையும் கீழேயே தங்கும். எங்கள் தெருவில் வண்டி குறைவு என்பதால் அந்தக் கவலை இல்லை.

வெட்டிய இடத்தில் இப்போது ஒரு கன்று நட்டிருக்கிறோம். அதன் குடை அரை மீட்டர் அகலம். பழைய மரத்துக்கு 10 மீட்டர் இருந்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போவதால் இன்றைக்கு அதன் நிழல் பழையதில் 400-இல் ஒரு பங்கு. எதிர்வீட்டு அம்மா தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார். நேற்று காற்றடித்தபோது குனிந்து காதை வைத்துப் பார்த்தேன். இருபது இலை இருக்கும். லேசாகச் சலசலத்தது.