விசா கேட்காத கண்டம்

நாடுகளும் எல்லைக்கோடுகளும் மதங்களும் இல்லாத உலகம் என்றால் கவிஞர்களின் கனவு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு கண்டத்தில், இந்தியாவைப் போல் நான்கு மடங்குக்கும் பெரிய நிலத்தில், 1961 முதல் ஏறக்குறைய அப்படித்தான் வாழ்க்கை நடக்கிறது. அண்டார்டிகாவில் அரசு கிடையாது, குடியுரிமை கிடையாது, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் எல்லைச் சாவடியும் கிடையாது. இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் இருப்பது நார்வே உரிமை கோரும் பகுதியில். பாரதி நிலையம் இருப்பது ஆஸ்திரேலியா உரிமை கோரும் பகுதியில். அங்கே கட்டடம் எழுப்ப அந்த இரு நாடுகளின் அனுமதியும் நமக்குத் தேவைப்படவில்லை.

வெறும் நல்லெண்ணத்தால் வந்த ஏற்பாடு அல்ல இது. அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, சிலி, பிரான்ஸ், நியூசிலாந்து, நார்வே, பிரிட்டன் என ஏழு நாடுகள் இந்தப் பனி நிலத்தைக் கூறுபோட்டு உரிமை கோரியிருந்தன. அர்ஜென்டினா, சிலி, பிரிட்டன் மூன்றும் கேட்டவை ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதிகள். 1952இல் ஹோப் விரிகுடாவில் கரையிறங்கிய பிரிட்டிஷ் குழுவினரின் தலைக்கு மேலே அர்ஜென்டினா வீரர்கள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள்.

திருப்பம் அறிவியலால் வந்தது. 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு கொண்டாடப்பட்டபோது, 12 நாடுகள் உரிமைச் சண்டையை ஓரமாக வைத்துவிட்டு அங்கே ஆய்வு நிலையங்களை அமைத்தன. தென்துருவத்தில் அமெரிக்கா, உள்நிலத்தின் கடுங்குளிரில், வோஸ்டாக்கில், சோவியத் ஒன்றியம். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. அந்த 12 நாடுகளே 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் அண்டார்டிகா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1961இல் அது நடப்புக்கு வந்தது.

அதன் உயிர்நாடி நான்காம் பிரிவு. யாரும் தன் உரிமையைக் கைவிடவில்லை. அடுத்தவர் உரிமையை ஏற்கவும் இல்லை. ஒப்பந்தம் நடப்பில் உள்ளவரை அங்கே செய்யும் எந்தச் செயலும் உரிமைக்கு ஆதாரமாகாது. புதிதாகக் கோரவும் முடியாது. பங்காளிச் சண்டையில் கிடக்கும் நிலத்துக்கு நீதிமன்றம் ‘இப்போதுள்ள நிலையே தொடரட்டும்’ என்று தடை உத்தரவு போடுவதைப் போன்றது இது. எத்தனை கொடி நட்டாலும், எத்தனை ஆண்டு தங்கினாலும் ஒரு சதுர அடிகூட சொந்தமாகாது. ஆகவே நிலம் பிடிக்கப் போட்டியிடுவதற்கான காரணமே அற்றுப்போகிறது. எல்லைகளை அழிக்க முயன்றிருந்தால் ஏழு நாடுகளில் ஒன்றுகூடக் கையெழுத்திட்டிருக்காது என்றே நினைக்கிறேன். எல்லையைப் பயனற்றதாக்கியதில்தான் இந்த ஒப்பந்தத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

அடுத்தது சோதனை உரிமை. முடிவெடுக்கும் தகுதி பெற்ற எந்த நாடும் வேறு எந்த நாட்டின் நிலையத்துக்குள்ளும் எப்போது வேண்டுமானாலும் பார்வையாளர்களை அனுப்பலாம். ராணுவ நடவடிக்கை, அணுகுண்டு வெடிப்பு, அணுக்கழிவைக் கொட்டுதல் எல்லாவற்றுக்கும் தடை. எதிரியை நம்பத் தேவையில்லை. நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

முடிவெடுக்கும் மேசையில் இடம்பிடிக்க வழி, அங்கே கணிசமான ஆய்வு செய்து காட்டுவது. 1981இல் சையத் ஜஹூர் காசிம் தலைமையில் முதல் பயணத்தைத் தொடங்கிய இந்தியா, 1983இல் அந்த இடத்தைப் பெற்றது. விளைச்சலும் அறிவியலாகவே கிடைத்தது. வோஸ்டாக்கில் சோவியத் பொறியாளர்கள் துளைத்தெடுத்த பனித்தூண்களை அமெரிக்க விமானங்கள் சுமந்து வந்தன. பிரெஞ்சு ஆய்வகங்கள் பகுத்தன. அந்தப் பனிக்குள் சிக்கிய பழங்காற்றிலிருந்து 1987இல் 1,60,000 ஆண்டுகளின் கரியமில வாயு வரலாறும், 1999இல் 4,20,000 ஆண்டுகளின் வரலாறும் வெளிவந்தன. வெப்பமும் கரியமில வாயுவும் கைகோத்தே ஏறி இறங்கியதை உலகம் தெளிவாகக் கண்டது அப்போதுதான். தனி நாடாக நின்றிருந்தால் இதை எவராலும் இவ்வளவு விரைவில் செய்திருக்க முடியாது.

மதம்? அது அங்கேயும் இருக்கிறது. கிங் ஜார்ஜ் தீவில் ரஷ்ய நிலையத்தருகே மரத்தாலான ஒரு தேவாலயம் நிற்கிறது. நாடும் முழுக்க மறைந்துவிடவில்லை. குற்றம் நடந்தால், நின்ற இடத்தை வைத்து அல்ல, பெரும்பாலும் குற்றவாளி எந்த நாட்டவர் என்பதை வைத்தே சட்டம் பாய்கிறது. இந்தியா தன் மக்களுக்காக 2022இல் தனிச் சட்டமே இயற்றியது.

பூர்வகுடிகளோ நிரந்தரக் குடிமக்களோ இல்லாத நிலம் என்பதால் இது எளிதாயிற்று என்பதை மறைக்கக் கூடாது. ஆர்வத்தைத் தூண்டும் கனிமங்கள் விஷயத்தில் ஒப்பந்தம் தடுமாறத்தான் செய்தது. 1988இல் சுரங்கத்தை அனுமதிக்கும் உடன்படிக்கையே தயாரானது. ஆஸ்திரேலியாவும் பிரான்சும் மறுத்ததால் அது செத்தது. பதிலாக 1991இல் மாட்ரிட்டில் சுரங்கத் தடை எழுந்தது. அந்தத் தடை 2048இல் தானாகக் காலாவதியாகும் என்று பரவும் செய்தி தவறு. அதன்பிறகு மறுபரிசீலனை மாநாடு கேட்கலாம், அவ்வளவே.

இன்றைய நெருக்கடி வேறு. எல்லா முடிவும் ஒருமித்தே எடுக்கப்பட வேண்டும் என்பதால், சுற்றியுள்ள கடலில் புதிய பாதுகாப்புப் பகுதிகளை அறிவிக்கும் முயற்சிகள் சீனா, ரஷ்யாவின் மறுப்பால் ஆண்டுக்கணக்கில் தேங்குகின்றன. ஒரு பருவத்தில் வரும் சுற்றுலாப் பயணிகள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். விஞ்ஞானிகளை மனத்தில் வைத்து எழுதிய ஒப்பந்தம் இவர்களை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற கேள்வி, 2024 மே மாதம் கொச்சியில் கூடிய ஒப்பந்த நாடுகளின் கூட்டத்திலும் பேசப்பட்டது. விதிகளை எழுதும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.